ஊர்ப் பொடி தீர்ந்துவிட்டது: இங்கே விளையும் சிக்கரியைக் கலக்கலாமா?

மிட்ராண்ட்வாசி (ஜோகன்னஸ்பர்க்)

எல்லோருக்கும் வணக்கம். நான் இங்கே வந்து ஏழு வருடமாகிறது. ஊருக்குப் போய்த் திரும்பும்போதெல்லாம் மூன்று கிலோ காப்பிப் பொடி பெட்டியில் ஏறிவிடும். கொட்டையில் பீபெர்ரி வகை பாதி, பிளான்டேஷன் ஏ வகை பாதி, காப்பி எண்பதுக்குச் சிக்கரி இருபது. அம்மா காலத்திலிருந்து அதே கடை, அதே கணக்கு. இந்த வருடம் போக முடியவில்லை. போன வெள்ளிக்கிழமை டப்பாவைத் தட்டித் தட்டிக் கடைசி ஸ்பூனையும் எடுத்தாகிவிட்டது.

சரி, நல்ல கொட்டை கிடைக்கிற ஊர்தானே என்று பக்கத்தில் வறுத்துத் தரும் கடையில் கால் கிலோ எத்தியோப்பியக் கொட்டை வாங்கினேன். "பிளஞ்சருக்கா?" (அழுத்தி வடிக்கும் கண்ணாடிக் குடுவைக்கா) என்று கேட்டார்கள், தலையாட்டிவிட்டேன். பில்டரில் போட்டு வெந்நீர் விட்டால் ஐந்து நிமிடத்தில் மொத்தமும் கீழே இறங்கிவிட்டது. டிகாக்ஷன் வெறும் தேநீர் நிறம். பால் விட்டதும் காப்பி இருந்த சுவடே இல்லை. புளிப்பு மட்டும் நாக்கின் ஓரத்தில் நிற்கிறது. என் மனைவி ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரை அப்படியே வைத்துவிட்டாள்.

ஆரோக்கிய உணவுகள் விற்கும் கடை ஒன்றில் வறுத்து அரைத்த சிக்கரி வேர்ப் பொடியைப் பார்த்தேன். இந்த நாட்டிலேயே விளைந்தது என்று பையில் போட்டிருக்கிறது. இதைக் கலக்கலாமா? எவ்வளவு? யாராவது செய்து பார்த்திருந்தால் சொல்லுங்கள்.

டபரா (பிரிட்டோரியா)

தாராளமாகக் கலக்கலாம். நான் மூன்று வருடமாக அப்படித்தான் செய்கிறேன். ஆனால் உங்களுக்கு நேர்ந்தது சிக்கரி இல்லாத குறை மட்டும் இல்லை. பிளஞ்சருக்கு அரைப்பது ரவை மாதிரி கரகரவென்று இருக்கும், நம் பில்டரில் அது நிற்கவே நிற்காது. அதைவிட நைசாக, எஸ்பிரஸ்ஸோ மாவு அளவுக்குப் போகாமல் அரைத்துத் தரச் சொல்லுங்கள். இரண்டு விரலில் எடுத்துத் தேய்த்தால் நெருடல் லேசாகத் தெரிய வேண்டும்.

இன்னொன்று, இளவறுப்புக் கொட்டை வேண்டாம். பாலில் அது எடுபடாது. நன்றாக வறுத்து, மேலே எண்ணெய் கசியத் தொடங்கிய கொட்டையாகப் பாருங்கள்.

சிக்கரி வாங்கும்போது பையைத் திருப்பிப் பார்த்துக்கொள்ளுங்கள். உடனடியாகக் கரையும் சிக்கரி, வறுத்து அரைத்த சிக்கரி என்று இரண்டு உண்டு. கரையும் வகையைப் பில்டரில் போட்டால் முதல் தண்ணீரிலேயே எல்லாம் கீழே போய்விடும்.

கறுப்புக்காப்பி (கேப் டவுன்)

என் கருத்து வேறு. எத்தியோப்பியா, கென்யா, ருவாண்டா என்று உலகின் அருமையான கொட்டைகள் கைக்கெட்டும் தூரத்தில் கிடைக்கிற நாட்டில் உட்கார்ந்துகொண்டு அதில் ஒரு செடியின் வேரை ஏன் கலக்க வேண்டும்? சிக்கரி வந்த கதையே பஞ்சத்தின் கதை. 1806-இல் நெப்போலியன் பிரிட்டிஷ் வணிகத்துக்குக் கதவடைத்தபோது ஐரோப்பாவில் காப்பிக்குத் தட்டுப்பாடு வந்தது, அதை ஈடுகட்ட இந்த வேரை வறுத்தார்கள். அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் நடந்த நாளில் நியூ ஆர்லியன்ஸிலும் அதேதான். பற்றாக்குறைக்குப் பிடித்த வழியை வசதி வந்த பிறகும் ஏன் தூக்கிச் சுமக்க வேண்டும்?

எத்தியோப்பியாவின் யிர்காச்செஃப் கொட்டையைப் பால் இல்லாமல், சர்க்கரை இல்லாமல் ஒரு மாதம் குடித்துப் பாருங்கள். நீங்கள் புளிப்பு என்று சொல்வது எலுமிச்சைப் பூவின் மணம் என்று நாக்குக்குப் புரியும். சிக்கரி அதையெல்லாம் மூடிவிடும். சிக்கரி கலந்தது வேறு ஏதோ ஒரு பானம். அதைக் காப்பி என்று நான் சொல்லமாட்டேன்.

வேர்க்கணக்கு (பிரிட்டோரியா)

உணவுத் தொழில்நுட்பம் படித்தவன் என்ற முறையில் இதில் கொஞ்சம் எழுதலாம் என்று தோன்றுகிறது.

சிக்கரி வேரில் மாவுச்சத்து கிடையாது. அந்த இடத்தில் இனுலின் என்ற நார்ச்சத்து இருக்கிறது. காய்ந்த வேரில் பாதிக்கு மேல் அதுதான். வறுக்கும்போது இனுலின் உடைந்து பழச்சர்க்கரையாகிறது, அந்தச் சர்க்கரை சூட்டில் கருகிப் பாகு மணத்துக்குப் போகிறது. சிக்கரியின் அடர்நிறம், பின்னால் வரும் வெல்ல வாசனை, நாக்கில் தங்கும் கனம் எல்லாம் இங்கிருந்து வருபவை. காஃபீன் துளிகூடக் கிடையாது.

நம் ஆட்கள் பலரும் கவனிக்காத கணக்கு ஒன்று உண்டு. வறுத்த சிக்கரியில் பத்தில் ஏழு பங்கு தண்ணீரில் கரைந்துவிடும். காப்பிப் பொடியில் நன்றாக இறக்கினாலும் பத்தில் மூன்று பங்குதான் கரையும். எண்பதுக்கு இருபது கலந்த நூறு கிராம் பொடியை எடுத்துக்கொள்ளுங்கள். காப்பியிலிருந்து 24 கிராம் டிகாக்ஷனுக்கு வரும், சிக்கரியிலிருந்து 14 கிராம் வரும். பொடியில் ஐந்தில் ஒரு பங்காக இருந்த சிக்கரி டம்ளரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஆகிவிடுகிறது. அறுபதுக்கு நாற்பது என்றால் காப்பி 18, சிக்கரி 28. அந்த டம்ளரில் காப்பியைவிடச் சிக்கரிதான் அதிகம்.

ஆகவே மிட்ராண்ட்வாசி, சிக்கரியைப் பத்து சதவீதத்தில் தொடங்குங்கள். ஒவ்வொரு தடவையும் ஐந்து ஐந்தாகக் கூட்டுங்கள். எடைமெஷினில் நிறுத்துக் கலக்குங்கள், ஸ்பூன் கணக்கு வேண்டாம். சிக்கரியும் காப்பியும் ஒரே கனம் இல்லை.

டபரா (பிரிட்டோரியா)

வேர்க்கணக்கு ஐயா, இந்தக் கணக்கை இத்தனை வருடம் யாரும் எனக்குச் சொன்னதில்லை. எங்கள் வீட்டில் அறுபது நாற்பதுதான். என் அப்பா அதைத்தான் "கள்ளிச்சொட்டு மாதிரி டிகாக்ஷன்" என்று மெச்சிக் குடிப்பார்.

ஆயாவின் பேத்தி (சாட்ஸ்வர்த், டர்பன்)

நான் இங்கேயே பிறந்தவள். ஐந்தாம் தலைமுறை. தமிழ் எழுதக் கற்றது சனிக்கிழமை வகுப்பில், அதனால் நிதானமாகத்தான் எழுதுவேன். கறுப்புக்காப்பி அண்ணா எழுதியதைப் படித்த பிறகு பதில் எழுதாமல் இருக்க முடியவில்லை.

எங்கள் ஆயாவுக்கு 86 வயது. பிறந்தது டர்பன் மேகசின் பாரக்ஸில். நகராட்சியில் வேலை பார்த்த இந்தியர்களின் குடியிருப்பு அது, பெரும்பாலும் தமிழ்க் குடும்பங்கள். 1960-களில் இனவாரியாக ஊரைப் பிரித்தபோது அங்கிருந்தவர்களைச் சாட்ஸ்வர்த்துக்கு மாற்றினார்கள். ஆயா கல்யாணமாகிக் கைக்குழந்தையோடு வந்தவர். அந்த வீட்டில்தான் இன்றும் இருக்கிறோம்.

ஆயா வீட்டில் பில்டர் இருந்ததே இல்லை. எங்கள் முன்னோர் கொண்டுவந்த மூட்டையில் பில்டர் இருந்திருக்கவும் வாய்ப்பில்லை. 1860 நவம்பர் 16-ஆம் தேதி ட்ரூரோ கப்பல் மதராஸிலிருந்து டர்பனுக்கு வந்து சேர்ந்த காலத்தில் ஏழை வீடுகளில் காலையில் கஞ்சிதான், காப்பி ஏது? ஆயாவுக்குக் காப்பி என்றால் ரிகாஃபி, டின்னில் வரும் உடனே கரையும் தூள். அது கடைக்கு வந்தது 1952-இல், அப்போது ஆயாவுக்குப் பதின்மூன்று வயது. டின்னின் பின்பக்கம் பார்த்தால் சேர்மானத்தில் முதலில் நிற்பது சிக்கரிதான். அதற்கு அப்புறம்தான் காப்பி.

ஆயா போடும் முறையைச் சொல்கிறேன். எனாமல் சட்டியில் பால் முக்கால், தண்ணீர் கால். ஒரு ஏலக்காயை அம்மிக் குழவியால் ஒரே தட்டு, தோலோடு உள்ளே. பால் பொங்கி வரும்போது தீயைக் குறைத்து ரிகாஃபி இரண்டு ஸ்பூன், சர்க்கரை. மறுபடி ஒரு பொங்கு. அப்புறம் இரண்டு மக்கில் மாற்றி மாற்றி ஆற்றுவார். மேலே பழுப்பு நுரை வந்ததும் என் கையில் கொடுப்பார். புரட்டாசி விரதம் முடிந்து சனிக்கிழமை கோவிந்தா பூஜை ஆன பிறகும் அதே காப்பி. தாத்தா இறந்த அன்று வந்தவர்கள் அத்தனை பேருக்கும் பெரிய டேக்சாவில் அதே காப்பி.

காலி டின்களை ஆயா ஒருநாளும் தூக்கி எறிந்ததில்லை. பெரிய டின்னில் துளசி. சின்னதில் கடுகு, வெந்தயம். ஒன்று அரிசி அளக்க. ஒன்று காவடிக்குச் சேர்க்கும் சில்லறைக்கு. அதன் மூடியில் ஆணியால் ஒரு கீறல் போட்டு உண்டியலாக்கியிருக்கிறார்.

அது காப்பி இல்லை என்று சொன்னால் எனக்கு மனசு வலிக்கிறது அண்ணா. உங்கள் நாக்குக்குப் பிடிக்காமல் இருக்கலாம். ஆனால் எங்கள் வீட்டில் காப்பி என்ற சொல்லுக்கு அர்த்தமே அதுதான்.

மிட்ராண்ட்வாசி (ஜோகன்னஸ்பர்க்)

படித்துவிட்டு வெகுநேரம் ஒன்றும் எழுதத் தோன்றவில்லை. நன்றி அம்மா. ஏலக்காய் விஷயத்தை நாளைக்கே முயன்று பார்க்கிறேன்.

கறுப்புக்காப்பி (கேப் டவுன்)

தங்கச்சி, மன்னித்துக்கொள்ளுங்கள். அந்த வரியை நான் எழுதியிருக்கக்கூடாது. காப்பி என்று எதைச் சொல்வது என்று தீர்ப்பு சொல்ல நான் யார்?

என் வாதத்தில் மீதியை மட்டும் விட்டுக்கொடுக்கமாட்டேன். நல்ல ஒற்றைத் தோட்டக் கொட்டையை வாங்கி அதில் சிக்கரி கலப்பது வீண். பட்டுப் புடவையை வாங்கி அதன்மேல் சால்வை போர்த்திய மாதிரி. சிக்கரி போடுவதென்றால் சாதாரணமான, நன்கு வறுத்த கொட்டையை வாங்குங்கள். ரொபஸ்டா வகைக் கொட்டை கொஞ்சம் சேர்ந்திருந்தாலும் பரவாயில்லை, பாலில் நன்றாகவே நிற்கும்.

கிழக்குக் கேப் (போர்ட் எலிசபெத், இப்போது கெபெர்ஹா)

இங்கே எல்லோரும் சிக்கரியைப் பற்றிப் பேசுகிறீர்கள், அது விளையும் இடத்துக்குப் பக்கத்தில் இருப்பவன் நான்தான் போலிருக்கிறது.

இங்கிருந்து போர்ட் ஆல்ஃப்ரட் போகும் ஆர்72 சாலையில் அலெக்சாண்ட்ரியா என்று ஒரு சிறு ஊர். தென்னாப்பிரிக்காவின் சிக்கரி அந்த வட்டாரத்தில்தான் விளைகிறது, வறுக்கும் ஆலையும் அங்கே உண்டு. பக்கத்தில் பாத்தர்ஸ்ட் அன்னாசிக்குப் பேர்போனது. நடுவில் எங்கு பார்த்தாலும் பால் பண்ணைகள். பாலும் சிக்கரியும் ஒரே மண்ணில்! நம்மவர்களுக்கு இதைவிட வேறென்ன வேண்டும் என்று நினைத்துக்கொண்டே வண்டி ஓட்டினேன்.

இரண்டு வருடம் முன்பு நண்பர் ஒருவர் வழியாக ஒரு பண்ணைக்குப் போயிருந்தேன். வயலில் பார்த்தால் ஒன்றும் பெரிதாகத் தெரியாது, கீரைப் பாத்தி மாதிரி அகல இலைகள். தோண்டி எடுத்த வேரைக் கையில் கொடுத்தார்கள். முள்ளங்கியைவிடப் பருமன், வெளிர்மஞ்சள், ஒடித்தால் வெள்ளையாகப் பால் கசியும். அந்தப் பாலைத் தொட்டு நாக்கில் வைத்தேன். வேப்பங்கொழுந்துக் கசப்பு, பத்து நிமிடம் போகவில்லை. இந்தக் கசப்பா வறுத்தால் வெல்லமாகிறது என்று நம்பவே முடியவில்லை.

சிக்கரிப் பூ நீலமாக அழகாக இருக்கும் என்று படித்திருந்ததால் பூ எங்கே என்று கேட்டேன். முதல் வருடம் வேர் பருக்கும், இரண்டாம் வருடம்தான் பூக்கும், பூக்கவிட்டால் வேர் போய்விடும் என்று பண்ணைக்காரர் சிரித்தார். வேரைக் கழுவி, துண்டு துண்டாக வெட்டி, சூளையில் காயவைத்து, அப்புறம்தான் வறுப்பது. திரும்பி வரும்போது என் சட்டையெல்லாம் கருகிய வெல்ல வாசனை.

ரிகாஃபி செய்வது நேட்டால் பக்கம் எஸ்ட்கோர்ட் ஆலையில். ஜோகன்னஸ்பர்கிலிருந்து டர்பனுக்கு என்3 நெடுஞ்சாலையில் போகிறவர்கள் அந்த ஊரை ஒட்டித்தான் போகிறீர்கள்.

நெய்விளக்கு (டோங்காட்)

கிழக்குக் கேப் அண்ணா, அருமை. இந்தியாவில் சிக்கரி எங்கே விளைகிறது?

வேர்க்கணக்கு (பிரிட்டோரியா)

குஜராத்தில் ஜாம்நகர் பக்கமும், உத்தரப் பிரதேசத்தில் ஏட்டா, காஸ்கஞ்ச் பக்கமும். நாம் கும்பகோணத்துக் காப்பி என்று கொண்டாடுவதன் ஒரு பங்கு வடநாட்டு வயலிலிருந்து வருகிறது.

திருமஞ்சனவீதி (ஜோகன்னஸ்பர்க்)

சிக்கரியின் மேல் எனக்கு வெறுப்பு வந்ததற்குக் காரணம் சிக்கரி இல்லை. சென்னையில் ஒரு கடையில் நான் வருடக்கணக்காக எண்பதுக்கு இருபது என்று காசு கொடுத்து வாங்கிக்கொண்டிருந்தேன். கடையின் பெயர் வேண்டாம். ஒருநாள் என் பெரியப்பா வீட்டுக்கு வந்தவர், காப்பியை ஒரு வாய் குடித்துவிட்டு, "ஒரு கண்ணாடி டம்ளரில் பச்சைத் தண்ணீர் கொண்டு வா" என்றார். பொடியில் ஒரு சிட்டிகை எடுத்து மேலே தூவினார். காப்பித்தூள் கொஞ்ச நேரம் மிதக்க வேண்டும். சிக்கரி கனத்துக் கீழே இறங்கும், இறங்கும்போதே பின்னால் பழுப்பு நூலாகச் சாயம் விடும். என் டம்ளரில் பாதிக்கு மேல் நூல் நூலாக இறங்கியது. அரை நிமிடத்தில் தண்ணீர் முழுக்கக் கலங்கல்.

இந்தியச் சட்டப்படி காப்பி சிக்கரிக் கலவையில் காப்பி 51 சதவீதத்துக்குக் குறையக்கூடாது, எது எவ்வளவு என்று பாக்கெட்டில் அச்சடிக்கவும் வேண்டும். சிக்கரி காப்பியைவிட மலிவு. அதனால் எண்பது என்று சொல்லி ஐம்பதைக் கொடுக்கிறவர்களுக்கு நல்ல லாபம். சிக்கரிக்குக் கெட்ட பெயர் வாங்கிக்கொடுத்தவர்கள் இவர்கள்தான். மிட்ராண்ட்வாசி, நீங்களே நிறுத்துக் கலந்தால் இந்தக் கவலையே இல்லை. எவ்வளவு போகிறது என்று உங்கள் கைக்குத் தெரியும்.

டபரா (பிரிட்டோரியா)

இந்தச் சோதனையை இப்போதே என் பொடியில் செய்துவிட்டு வருகிறேன்.

பகலுறக்கம் (பீட்டர்மாரிட்ஸ்பர்க்)

எனக்கு ஒரு சந்தேகம். இரவு வேலைக்குப் போகிறவள் நான், காலையில் வந்து தூங்க வேண்டும், ஆனால் காப்பி குடிக்காமல் படுக்கப் பிடிக்காது. வெறும் சிக்கரியையே பில்டரில் போட்டுக் குடிக்கலாமா?

வேர்க்கணக்கு (பிரிட்டோரியா)

குடிக்கலாம், தூக்கத்தைக் கெடுக்காது. ஆனால் காப்பிக்குப் போடும் அளவில் மூன்றில் ஒரு பங்கு போதும், இல்லாவிட்டால் கஷாயமாகிவிடும். முதல் நாளே பெரிய டம்ளரில் வேண்டாம். இனுலின் சிலருக்கு வயிற்றில் வாயுவை உண்டாக்கும். சிக்கரி சாமந்தி, சூரியகாந்திக் குடும்பத்துச் செடி, அந்தப் பூக்களின் மகரந்தம் ஒத்துக்கொள்ளாதவர்கள் தவிர்ப்பது நல்லது. கர்ப்பமாக இருந்தால் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

மிட்ராண்ட்வாசி (ஜோகன்னஸ்பர்க்)

மூன்று நாள் முயற்சியின் விவரம் இதோ.

கறுப்பாக வறுத்த கலப்புக் கொட்டை, டபரா சொன்ன பதத்தில் அரைத்தது. முதல் நாள் பத்து சதவீதம். நிறம் வந்தது, புளிப்பு பாதியாகக் குறைந்தது, ஆனால் டிகாக்ஷன் இன்னும் வேகமாகத்தான் இறங்கியது. இரண்டாம் நாள் இருபது. ஊர் அளவு இதுதானே என்று ஆசையாகப் போட்டேன், கசந்துவிட்டது. இங்கத்திய சிக்கரியை நம் ஊரைவிடக் கூடுதலாக வறுத்திருக்கிறார்கள் என்று நினைக்கிறேன், பொடியே கறுப்பு. மூன்றாம் நாள் பதினைந்து. நன்றாக இருந்தது. ஆனாலும் ஏதோ ஒன்று குறைகிறது. டம்ளரைக் கையில் எடுக்கும்போது மணம் வருகிறது, வாயில் கனம் இல்லை. என்ன தவறு செய்கிறேன்?

மேட்டுநிலம் (ஜோகன்னஸ்பர்க்)

தவறு உங்களுடையது இல்லை, ஊருடையது. ஜோகன்னஸ்பர்க் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,750 மீட்டர் உயரம். இங்கே தண்ணீர் 94 டிகிரியிலேயே கொதித்துவிடும். பிறகு குளிர்ந்த பித்தளையில் அதை ஊற்றினால் இன்னும் இறங்கிவிடும். சிக்கரி எந்த வெந்நீரிலும் கரையும், காப்பிக்குத்தான் நல்ல சூடு வேண்டும்.

நான் செய்வதைச் சொல்கிறேன். மேல் பாத்திரத்தை வெறுமனே அடுப்பில் காட்டிச் சூடேற்றி, துணியால் பிடித்துக்கொண்டு பொடியைப் போடுங்கள். குடையை வைத்து லேசாக அழுத்துங்கள், இறுக்க வேண்டாம். சிக்கரி ஈரம் பட்டதும் ஊதி நெருக்கிக்கொள்ளும், அதுவே போதுமான அழுத்தம். கெட்டிலிலிருந்து குதிக்கும்போதே, ஒரு நொடி தாமதிக்காமல், முதலில் நான்கு ஸ்பூன் தண்ணீர் மட்டும் சுற்றி விடுங்கள். அரை நிமிடம் ஊறட்டும். மறுபடி கெட்டிலைக் கொதிக்கவிட்டு மீதியை ஊற்றி மூடுங்கள். 30 கிராம் பொடிக்கு 150 மில்லி தண்ணீர், அதற்கு மேல் வேண்டாம். டர்பன்காரர்களுக்கு இந்தக் கவலை கிடையாது, கடலோரம், முழுக் கொதி.

ஆயாவின் பேத்தி (சாட்ஸ்வர்த், டர்பன்)

எங்களுக்கு வேறு கவலை இருக்கிறது. இங்கே காற்றில் ஈரம் அதிகம். சிக்கரிப் பொடி திறந்த மூன்றாம் நாளே களிம்பு மாதிரி கட்டிப்போகும். நான் சிக்கரியைத் தனி பாட்டிலில் இறுக மூடி வைத்து, வாரத்துக்கு வேண்டியதை மட்டும் கலக்கிறேன். ஆமாம், இந்த இழையைப் படித்த பிறகு நானும் ஒரு பில்டர் வாங்கிவிட்டேன்!

மிட்ராண்ட்வாசி (ஜோகன்னஸ்பர்க்)

மேட்டுநிலம் சொன்னபடி நேற்று இரவே போட்டு வைத்தேன். மின்வெட்டு நாட்களிலிருந்து எங்கள் வீட்டில் இரவே டிகாக்ஷன் போட்டுவைக்கிற பழக்கம். அடுப்படியில் விளக்கை அணைக்காமல் நின்று பார்த்தேன். முதல் ஐந்து நிமிடம் ஒன்றுமே வரவில்லை. அடைத்துக்கொண்டதோ என்று பயந்தேன். அப்புறம் ஒரு சொட்டு. டங் என்று ஒரு சத்தம். எண்ணினேன், ஏழு எண்ணுவதற்குள் அடுத்த சொட்டு. இறங்கி முடிய ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். காலையில் அடிப்பாத்திரத்தைச் சாய்த்தால் டிகாக்ஷன் பாத்திரத்தின் ஓரத்தில் பழுப்புப் படலமாக ஒட்டிக்கொண்டு மெதுவாக வழிகிறது. முழுக் கொழுப்புப் பாலில் இரண்டு கரண்டி விட்டேன். அந்த நிறம் வந்துவிட்டது. எண்பத்தைந்துக்குப் பதினைந்து. என் மனைவி இரண்டாம் டம்ளர் கேட்டாள்.

நீண்ட நாள் கெடாத டப்பாப் பாலிலும் செய்து பார்த்தேன். நுரை நன்றாக வருகிறது, ஆனால் அந்தப் பாலின் வெந்த வாடை சிக்கரியோடு சேர்ந்து தூக்கலாகத் தெரிகிறது. புதுப் பாலே நல்லது.

கறுப்புக்காப்பி (கேப் டவுன்)

மகிழ்ச்சி. உண்மையைச் சொல்கிறேன், போன சனிக்கிழமை ஒரு டின் ரிகாஃபி வாங்கினேன். ஏலக்காய் தட்டிப் போட்டு, பாலில் பொங்கவைத்து, இரண்டு மக்கில் ஆற்றினேன். என் காலைக் காப்பியின் இடத்தை அது பிடிக்கவில்லை. ஆனால் சாயங்காலம், மழை பெய்துகொண்டிருந்தது, ஒரு ரஸ்க்கைத் தோய்த்துத் தின்றபோது என் சித்தி வீட்டு மாடிப்படி ஞாபகம் வந்தது. ஏன் வந்தது என்று தெரியவில்லை, சித்தி வீட்டில் அப்படி ஒரு காப்பி குடித்ததாக நினைவே இல்லை.

நெய்விளக்கு (டோங்காட்)

வறுத்த வெல்ல வாசனையாக இருக்கும் அண்ணா. கார்த்திகைக்குப் பொரி உருண்டை பிடிக்கும் வீட்டில் அதே வாசனை வரும்.

மிட்ராண்ட்வாசி (ஜோகன்னஸ்பர்க்)

கடைசியாக ஒரு செய்தி. ஈஸ்டர் விடுமுறைக்கு டர்பன் போயிருந்தோம். இசிபிங்கோ மாரியம்மன் கோயிலில் புனித வெள்ளியன்று திருவிழா. கரும்புத் தோட்டத்தில் வேலை பார்த்தவர்களுக்கு அந்த நாட்களில்தான் விடுப்பு கிடைத்தது, அதனால் ஈஸ்டரில் திருவிழா என்று அங்கே ஒரு பெரியவர் சொன்னார். கூட்டத்தில் இரண்டு மணி நேரம் நின்றோம்.

மறுநாள் ஆயாவின் பேத்தி வீட்டுக்கு அழைத்திருந்தார். நான் பில்டர், பொடி, எடைமெஷின் எல்லாம் மடியில் கட்டிக்கொண்டு போயிருந்தேன். ஆயா வாசலிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். "எந்த ஊருப்பா?" என்று கேட்டார். மாயவரம் என்றேன். அவருடைய ஆயா சிறுவயதில் சொன்ன ஊர்ப் பெயர்களில் மாயவரம் உண்டு என்றார், அதற்கு மேல் அவருக்கு நினைவில்லை.

டிகாக்ஷன் இறங்கும் வரை பக்கத்திலேயே நின்று பார்த்தார். டம்ளரைக் கொடுத்தேன். ஒரு வாய் குடித்தார், வாயிலேயே கொஞ்ச நேரம் வைத்திருந்தார். "கசப்பு முன்னாடி வருது. இனிப்பு பின்னாடி வருது. எங்களதுல ரெண்டும் ஒண்ணா வரும்" என்றார். அப்புறம் எழுந்து போய் ஒரு ஏலக்காயைத் தட்டிக் கொண்டுவந்து என் டம்ளரிலும் அவருடையதிலும் பாதிப் பாதி போட்டார். அவர் முழுசாகக் குடித்து முடித்தார். நானும்தான்.

கிளம்பும்போது ஒரு காலி ரிகாஃபி டின்னைக் கழுவித் துடைத்துக் கையில் கொடுத்தார், பொடி போட்டு வைத்துக்கொள்ளச் சொல்லி. இப்போது அதில்தான் இருக்கிறது.

அடுத்த மாதம் சென்னையிலிருந்து யாராவது ஜோகன்னஸ்பர்க் வருகிறீர்களா? எனக்குப் பொடி வேண்டாம். என் பில்டரின் குடை சாட்ஸ்வர்த்தில் கழுவும்போது எங்கோ தவறிவிட்டது. இரண்டு ஆள் அளவுப் பித்தளை பில்டர், உள்வாய் எட்டு சென்டிமீட்டர். அதற்குச் சேரும் ஒரு குடை மட்டும் கொண்டு வந்தால் போதும், பணம் கொடுத்துவிடுகிறேன்.